தி இன்டர்நேஷனல் (1986–2006): ஸ்ட்ரோக்கை விட்டுவிட்டுப் புள்ளியை எண்ணிய கோல்ஃப் போட்டி ஏன் நின்றது?

புதியவன்_18

கொலராடோவில் கேஸில் பைன்ஸ் மைதானத்தில் நடந்த தி இன்டர்நேஷனல் பற்றித் தேடினால் பெரும்பாலும் வெற்றியாளர் பட்டியல்தான் கிடைக்கிறது. அந்தப் பட்டியலே குழப்புகிறது. 1992-ல் பிராட் ஃபாக்ஸன் 14 புள்ளியில் ஜெயித்திருக்கிறார். அடுத்த வருஷமே ஃபில் மிக்கல்சனுக்கு 45 புள்ளி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு எப்படி? பேர்டிக்குத் தரும் புள்ளியை மாற்றினார்களா? இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் ஜெயித்த போட்டி 2006-ஓடு ஏன் நின்றது?

ஏழாம்_நம்பர்

பேர்டிக்கான புள்ளி மாறவில்லை. எந்தச் சுற்றின் புள்ளியை எண்ணுவது என்பதுதான் மாறியது.

முதலில் புள்ளி முறை. ஒரு ஹோலுக்கு வகுத்த அடி (ஸ்ட்ரோக்) எண்ணிக்கைதான் பார். அதைவிட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் டபுள் ஈகிள். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. டபுள் ஈகிளுக்கு 8, ஈகிளுக்கு 5, பேர்டிக்கு 2, பாருக்கு 0. போகி அடித்தால் ஒன்று கழியும். டபுள் போகியோ அதற்கு மேலோ எதுவானாலும் மூன்று கழியும், அதோடு சரி. அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை.

1986-லிருந்து 1992 வரை முந்தைய சுற்றுகள் ஆளை வடிகட்ட மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் எடுத்த புள்ளியே முடிவு. அதனால்தான் முதல் வருஷம் கென் கிரீன் 12-ல் ஜெயித்தார், 1989-ல் கிரெக் நார்மன் 13-ல், 1991-ல் ஒலத்தாபல் வெறும் 10-ல். 1993-லிருந்து நான்கு சுற்றையும் கூட்டினார்கள். மிக்கல்சனின் 45 அப்படி வந்தது. ஆக 1992-க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

மாற்றியது சரியான முடிவு என்பேன். பழைய முறையில் மூன்று நாள் அருமையாக ஆடியவனும் தட்டுத்தடுமாறிக் கடைசி இடத்தில் உள்ளே வந்தவனும் ஞாயிறு காலையில் ஒரே பூஜ்யத்தில் நிற்பார்கள். நான்கு நாள் போட்டி என்ற பெயரில் ஒரு நாள் போட்டி.

நான்கு சுற்று கூட்டிய காலத்தில் உச்சம் 48. 1997-ல் மிக்கல்சன், 2000-ல் எர்னி எல்ஸ். 1998-ல் விஜய் சிங், 1999-ல் டேவிட் டாம்ஸ் இருவரும் தலா 47.

புதியவன்_18

இப்போது பட்டியல் புரிகிறது. ஆனால் இந்த முறையால் ஆட்டம் மாறுமா? நல்லா ஆடுறவன் எந்த முறையிலும் நல்லாத்தானே ஆடுவான்?

கணக்கர்

நன்றாகவே மாறும். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருமே பார்-72 மைதானத்தில் சரியாக 72 அடிக்கிறார்கள்.

முதல் ஆள் 18 ஹோலும் பார். புள்ளி 0.

இரண்டாம் ஆள் 6 பேர்டி, 6 போகி, மீதி பார். 12-ல் 6 போக, 6 புள்ளி.

மூன்றாம் ஆள் ஒரு ஈகிள், 5 பேர்டி, 7 போகி. 5-ஐயும் 10-ஐயும் கூட்டி 7-ஐக் கழித்தால் 8 புள்ளி.

நான்காம் ஆள் 5 பேர்டி எடுத்துவிட்டு ஒரே ஒரு பார்-4-ல் சிதறி 9 அடிக்கிறார். 10-ல் 3 போக, 7 புள்ளி.

சாதாரணப் போட்டியில் நால்வரும் சமம். இங்கே தப்பே செய்யாத முதல் ஆள்தான் கடைசி. பாருக்குப் பாராக அடித்துக்கொண்டு அடுத்தவன் சறுக்கட்டும் என்று காத்திருக்கும் உத்தி இங்கே செல்லாது.

இன்னும் நுட்பமானது பார்-5-ல் இரண்டாவது அடி. தண்ணீரைத் தாண்டி கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) அடிப்பதா, முன்னால் நிறுத்தி வெட்ஜ் (குறுந்தூர மட்டை) எடுப்பதா? கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட சதவீதங்கள் இவை. நிறுத்தினால் பேர்டி 35, பார் 57, போகி 8. துணிந்தால் ஈகிள் 12, பேர்டி 30, பார் 28, போகி 20, டபுள் 10.

ஸ்ட்ரோக்கில் பார்த்தால், நிறுத்துபவர் சராசரியாகப் பாரை விட 0.27 குறைவாக எடுப்பார். துணிபவருக்கு 0.14தான் மிச்சம். நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

அதே சதவீதங்களைப் புள்ளியில் போடுங்கள். நிறுத்துபவருக்கு 0.70-ல் 0.08 போக 0.62. துணிபவருக்கு ஈகிளில் 0.60, பேர்டியில் 0.60, போகியில் 0.20 நஷ்டம், டபுளில் 0.30 நஷ்டம், மொத்தம் 0.70. துணிவதே சரி.

ஆள், மட்டை, தண்ணீர் எல்லாம் அதேதான், முடிவு மட்டும் நேர் எதிர். இந்தப் போட்டியின் உயிர் இதில்தான் இருந்தது.

புதியவன்_18

நான்காம் ஆளுக்கு 9-க்குப் பதில் 6-லேயே அதே மைனஸ் 3 தானே? பிறகு எதற்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கணக்கர்

தேவையில்லை. டபுள் போகி உறுதியானதும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு (ஹோல் தொடங்கும் இடத்துக்கு) நடக்கலாம், விதியே அதை அனுமதிக்கிறது. இதற்கு மூலமான ஸ்டேபிள்ஃபோர்ட் முறையின் நோக்கமும் அதுதான். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932 மே மாதம் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் நடத்திய முறையில் பாருக்கு 2, பேர்டிக்கு 3, போகிக்கு 1, அதற்கு மேல் பூஜ்யம். மைனஸே கிடையாது. காற்று வீசும் கடலோர மைதானத்தில் முதல் இரண்டு ஹோல் கெட்டதுமே உறுப்பினர்கள் மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்தது. கேஸில் பைன்ஸ்காரர்கள் அதைத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி முறுக்கினார்கள். தப்புக்குத் தண்டனை வைத்தார்கள், ஈகிளுக்கு விலையை ஏற்றினார்கள்.

மலைச்சரிவு

புள்ளி முறையைப் பற்றியே பேசுகிறோம், மைதானத்தை விட்டுவிட்டோம். இந்த முறை வேறு எங்கோ ஒரு சமவெளியில் நடந்திருந்தால் பாதி சுவைதான்.

கேஸில் பைன்ஸ் டென்வருக்குத் தெற்கே, கேஸில் ராக் ஊரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. எண்ணெய்த் தொழிலதிபர் ஜாக் விக்கர்ஸ் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானம் மாதிரி ஒன்று மேற்கில் வேண்டும் என்று கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸை வைத்து அமைத்தார், 1981-ல் திறந்தது. போட்டியைக் கற்பனை செய்ததும், இருபத்தொரு வருஷம் தோளில் தூக்கிச் சுமந்ததும் விக்கர்ஸ்தான். பெயருக்கேற்ற மாதிரி பல நாட்டு ஆட்டக்காரர்கள் வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆஸ்திரேலியா, ஸ்பெயின், ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று வெற்றியாளர் பட்டியலே அதைச் சொல்லும்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்து 10 சதவீதத்தை ஒட்டிக் கூடுதலாகப் போகும். கேடிகள் (ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிவரும் உதவியாளர்கள்) செய்வது எளிய கணக்குத்தான், யார்டை 0.9-ஆல் பெருக்குவார்கள். 220 யார்டு என்றால் 198-க்கான மட்டை. அதன் பிறகு ஏற்றம் இறக்கத்தைச் சேர்க்க வேண்டும், அந்த மைதானத்தில் சமதரை ஹோல் அபூர்வம். முதல் ஹோலே 644 யார்டு பார்-5, ஆனால் கீழ்நோக்கி.

தப்பு நடக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, அரை வெட்ஜ். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. மெதுவாகப் போகும் பந்துக்குத் தடை முதலிலேயே குறைவு, அதனால் உயரத்தால் கிடைக்கும் லாபமும் குறைவு. 60 யார்டு அடிக்கும் 0.9 போட்டால் கிரீனுக்கு முன்னால் விழும். இரண்டு, பந்தின் வளைவு. மெல்லிய காற்றில் டிராவும் ஃபேடும் (பந்தை இடமோ வலமோ வளைத்து அடிப்பது) பாதியில் நின்றுவிடும், மரத்தைச் சுற்றி வளைக்க நினைத்தவன் மரத்திலேயே அடிப்பான். மூன்று, இறங்கும் கோணம். பந்தைத் தூக்கும் விசையும் குறைவதால் நீண்ட அயன் (தூரம் அடிக்கும் இரும்பு மட்டை) அடி தட்டையாக வந்து விழுந்து கிரீனைத் தாண்டி ஓடும். அதனால் ‘எட்டும் தூரம்’ வேறு, ‘நிறுத்த முடிகிற தூரம்’ வேறு.

எட்டும் என்பதால் ஆசை வரும், நிற்காது என்பதால் ஆபத்து வரும். கணக்கர் போட்ட கணக்கை ஒவ்வொரு பார்-5-லும் அந்த ஆட்டக்காரர்கள் இந்தக் காற்றில் நின்றுதான் போட்டார்கள்.

கோடைப் பிற்பகலில் மலையிலிருந்து இடி மின்னல் இறங்குவதும் அங்கே வழக்கம். சங்கு ஊதி ஆட்டத்தை நிறுத்துவார்கள். எல்லாரும் உள்ளே போய் அந்த கிளப்பின் புகழ்பெற்ற மில்க் ஷேக் குடிப்பார்கள். இன்றும் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் பழைய ஆட்டக்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

ஏழாம்_நம்பர்

17-வது ஹோலைச் சொல்லாமல் இந்த இழை நிறையாது. 492 யார்டு பார்-5. அந்தக் காற்றில் அது இரண்டாவது அடிக்கு நடுத்தர அயன். கடைசிக்கு முந்தைய ஹோலில் ஈகிள் சாத்தியம் என்றால், 4 புள்ளி பின்னால் நிற்பவன் ஒரே ஹோலில் முன்னால் போய்விடலாம்.

2002 ஞாயிறு அதன் உச்சம். ரிச் பீம் 17-ல் ஈகிள் எடுத்து 44-ல் முடித்தார். ஸ்டீவ் லோரி அதே ஹோலில் ஃபேர்வேயிலிருந்து இரண்டாவது அடியை நேராகக் குழிக்குள் போட்டார். டபுள் ஈகிள், 8 புள்ளி. 35-ல் நின்றவர் 43-க்குப் போனார். 18-ல் ஒரு பேர்டி விழுந்தால் 45, கோப்பை அவருக்கு. பட் விழவில்லை, பார். 44-க்கு 43. சாதாரண ஸ்ட்ரோக் ஆட்டத்தில் டபுள் ஈகிள் மூன்று ஸ்ட்ரோக்தான் மிச்சம் பிடிக்கும், ஒரு ஹோலில் இந்த அளவு தாவவே முடியாது. பீம் அடுத்த இரண்டு வாரத்தில் ஹேசல்டைனில் டைகர் வுட்ஸை ஒரு ஸ்ட்ரோக்கில் முந்தி, மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார்.

2004-ல் ராட் பாம்ப்ளிங் ஜெயித்ததும் 17-ல் எடுத்த ஈகிளால்தான். மொத்தம் 31 புள்ளி.

நடுநிலை_பட்டர்

எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். 2003-ல் டேவிஸ் லவ் 46, அடுத்த இடம் 34. பன்னிரண்டு புள்ளி இடைவெளி, ஞாயிறு முழுக்கப் பரபரப்பே இல்லை. புள்ளி முறை தானாக நாடகத்தைக் கொண்டுவராது.

என் பார்வையில் போட்டியைக் கொன்றதில் அந்த முறைக்கும் பங்கு உண்டு. கோல்ஃப் பார்ப்பவன் கண் ‘10 அண்டர்’ (பாரை விட 10 அடி குறைவு) என்பதற்குப் பழகியது. டிவியைப் பாதியில் போட்டவனுக்கு ‘பிளஸ் 27’ முன்னணி என்றால் தலைகீழாகத் தெரியும். பந்தைக் கையில் எடுக்கலாம் என்பதால் பல ஹோல்களுக்கு முழு ஸ்கோரே கிடையாது, மற்ற வாரங்களோடு ஒப்பிட வழியில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் எல்லாரும் வேறு கணக்குப் படிக்க வேண்டியிருந்தது.

ஏழாம்_நம்பர்

சார், மரியாதையோடு மறுக்கிறேன். அந்த முறையோடுதான் இருபத்தொரு வருஷம் ஓடியது. முறை 2006-ல் புதிதாக வரவில்லை. 2006-க்குப் பிறகு புதிதாக வந்தது எது என்று பாருங்கள்.

2007-ல் ஃபெடெக்ஸ் கப் (பருவம் முழுக்கப் புள்ளி சேர்த்து வெல்லும் கோப்பை) தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நான்கு வாரம் பிளேஆஃப் (அந்தக் கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகள்) என்று காலண்டரே மாறியது. பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய கோடையில் பழகிய இடத்தை விட்டு தி இன்டர்நேஷனலை ஜூலை 4 விடுமுறை வாரத்துக்குத் தள்ளினார்கள். அமெரிக்காவில் அந்த வாரம் ஊரே வெளியூர் போயிருக்கும்.

அடுத்தது பணம். 2006-ல் பரிசுத் தொகை 55 லட்சம் டாலர், வெற்றியாளருக்கு 9,90,000. இந்த அளவுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஸ்பான்சர் பரிசில் பெரும்பங்கு தருவதோடு நிற்பதில்லை, ஒளிபரப்பில் விளம்பர நேரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 90-களில் ஸ்பிரிண்ட் தொலைபேசி நிறுவனம் இருந்தது. அது போன பிறகு அப்படி ஒரு ஸ்பான்சர் நிலைக்கவில்லை.

மூன்றாவது டைகர். 1999-க்குப் பிறகு அவர் அங்கே ஆடவில்லை. அந்தக் காலத்தில் டைகர் இல்லாத வாரத்துக்கு டிவி பார்வையாளர் எண்ணிக்கை எப்படி இறங்கும் என்று ஸ்பான்சர் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும்.

2007 பிப்ரவரி 8-ம் தேதி விக்கர்ஸும் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) ஆணையர் டிம் ஃபின்செமும் போட்டி நின்றதை அறிவித்தார்கள். சொன்ன காரணம் ஸ்பான்சர் இல்லை என்பது. காலியான அதே ஜூலை வாரத்தை சில வாரத்திலேயே வாஷிங்டன் பக்கத்துக்குக் கொடுத்தார்கள். ஏடி அண்டு டி ஸ்பான்சர், போட்டியை முன்னின்று நடத்துபவர் டைகர் வுட்ஸ், காங்கிரஷனல் மைதானம். முதல் வருஷம் கே.ஜே. சோய் ஜெயித்தார். வாரம் மட்டுமே காரணம் என்றால் இது எப்படி நடந்தது? டைகர் பெயர் இருந்தால் அதே வாரத்துக்கு ஸ்பான்சர் வந்தது, இல்லாவிட்டால் வரவில்லை. அந்தப் போட்டியும் ஸ்பான்சர் மாறி, பெயர் மாறி, 2018-ல் நின்றது.

நடுநிலை_பட்டர்

டைகர் விஷயத்தில் நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் உதவும். பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் தவிர்த்தார்கள்? மேஜருக்குத் தயாராகும் நேரத்தில், 10 சதவீதம் கூடுதலாகப் பறக்கும் காற்றில் நான்கு நாள் ஆடினால் உடம்பில் பதிந்த தூரங்கள் குழம்பும். மலைச்சரிவு சொன்ன உயரம்தான் அழகு, அதுதான் சாபமும். ஸ்கோர் முறையும் பயிற்சிக்கு உதவாது, மேஜரில் பார் காப்பதுதான் கலை, இங்கே பாருக்கு மதிப்பே இல்லை.

இன்னொன்று. இந்த முறை மறுபடி வந்தது எங்கே? 2012-ல் நெவாடாவில் ரீனோ-டாஹோ ஓபனில். அதே வாரம் முன்னணி ஆட்டக்காரர்கள் எல்லாம் ஃபயர்ஸ்டோனில் உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப்பில் இருந்தார்கள். பெரிய வாரம் எதற்கும் டூர் அதைத் தரவில்லை.

மலைச்சரிவு

ஆனால் ரீனோவில் அது வேர் பிடித்துவிட்டதே. அதுவும் மலைப் பகுதி. 2012-ல் ஜே.ஜே. ஹென்றி 43-ல் ஜெயித்தார், 2014-ல் ஜெஃப் ஓகில்வி 49. போட்டி பாரகுடா சாம்பியன்ஷிப் என்று பெயர் மாறி 2020-ல் கலிஃபோர்னியாவின் டிரக்கீக்குப் போனபோதும் புள்ளி முறை கூடவே போனது. முதல் வரிசை ஆட்டக்காரர்கள் இல்லாத வாரத்துக்கு ஒரு முகம் கொடுத்தது அந்த முறைதான். ஆஸ்திரேலியாவில் 2002-லிருந்து சில வருஷம் ஏஎன்இசட் சாம்பியன்ஷிப்பிலும் இதே முறை இருந்தது.

கேஸில் பைன்ஸுக்கும் டூர் திரும்பியது, பதினெட்டு வருஷம் கழித்து. 2024 ஆகஸ்ட்டில் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப். மைதானத்தை 8,130 யார்டுக்கு நீட்டியிருந்தார்கள். கீகன் பிராட்லி ஜெயித்தார். ஆனால் சாதாரண ஸ்ட்ரோக் ஆட்டம். 2018-ல் காலமான விக்கர்ஸ் அதைப் பார்க்க இல்லை. அந்த ஒரு வாரத்துக்காவது பழைய புள்ளிப் பலகையை ஏற்றியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

புதியவன்_18

எங்கள் கிளப்பில் மாதப் போட்டிக்கு இந்த முறையை வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் அடிச் சலுகை) உள்ளவர்களுக்கு எப்படிச் செய்வது?

கணக்கர்

செய்யலாம், முன்கூட்டியே சில விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்.

புள்ளியை நெட் ஸ்கோருக்குத்தான் (சலுகையைக் கழித்த ஸ்கோருக்கு) கொடுக்க வேண்டும். ஸ்டேபிள்ஃபோர்டுக்கு உலக ஹேண்டிகேப் முறை பரிந்துரைப்பது கோர்ஸ் ஹேண்டிகேப்பில் (அந்த மைதானத்துக்கான சலுகையில்) 95 சதவீதம். அதை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை எண்) வரிசையில் ஹோல்களுக்குப் பிரியுங்கள். ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும் பார்-4-ல் 5 அடித்தால் நெட் பார், 0 புள்ளி. 4 அடித்தால் நெட் பேர்டி, 2. ஏழு ஆனால் நெட் டபுள், மைனஸ் 3. அதனால் ஆறு அடித்தும் பந்து குழிக்குள் போகவில்லையென்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹேண்டிகேப்புக்குப் பதியும் உச்ச ஸ்கோரும் நெட் டபுள் போகிதான், அதனால் அந்த ஹோலுக்கு 7 என்று பதிந்தால் போதும்.

கார்டில் ஆட்டக்காரர் எழுத வேண்டியது அடித்த ஸ்ட்ரோக்கை. புள்ளி போடுவது கமிட்டியின் வேலை. புள்ளியை மட்டும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் சரிபார்க்க வழியில்லை, பெரும்பாலான தகராறு அங்கேதான் கிளம்பும். 8 அடித்ததை 7 என்று எழுதியிருந்தாலும் இரண்டுக்கும் அதே மைனஸ் 3 என்றால் தகுதியிழப்பு இல்லை. 5 அடித்ததை 4 என்று எழுதிப் புள்ளி கூடினால் தகுதியிழப்பு.

பெரிய சிக்கல் மனநிலை. சாதாரண கிளப் ஆட்டக்காரருக்குப் பேர்டியை விட டபுள் அதிகம், நெட்டிலும் அப்படித்தான். பாதிப் பேர் மைனஸ் 10, மைனஸ் 15 என்று முடிப்பார்கள். அது பிடிக்காது என்று தெரிந்தால் டபுளுக்கு மைனஸ் 3-ஐ மைனஸ் 2 ஆக்குங்கள், ஈகிளுக்கு 5-ஐத் தொடாதீர்கள். இன்னொன்று, போட்டி நாளன்று இரண்டு பார்-5-லாவது டீயை முன்னால் போடுங்கள். இரண்டில் எட்டவே முடியாத பார்-5-ல் துணிவதா நிறுத்துவதா என்ற கேள்வியே எழாது.

புதியவன்_18

சமன் ஆனால்? கவுண்ட்-பேக் (கடைசி ஹோல்களின் ஸ்கோரை ஒப்பிடுவது) போதுமா?

ஏழாம்_நம்பர்

கேஸில் பைன்ஸில் சடன் டெத்தான், அதாவது ஒருவர் ஒரு ஹோலில் முந்தும் வரை கூடுதல் ஹோல் ஆடும் பிளேஆஃப். 2006-ல் கடைசிப் போட்டியே அப்படித்தான் முடிந்தது. டீன் வில்சனும் டாம் லேமனும் 34-ல் சமன், பிளேஆஃபின் இரண்டாவது ஹோலில் வில்சன் பேர்டி அடித்தார். உங்களுக்கு வெளிச்சம் மிச்சமிருந்தால் ஒரு பார்-5-ல் வைத்து ஆடவிடுங்கள். நேரமில்லையென்றால் கடைசி ஒன்பது ஹோலின் புள்ளி, பிறகு கடைசி ஆறு, கடைசி மூன்று, கடைசி ஹோல். இதைக் காலையிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.